மிலார் போர்த்திய படலங்கள்

"சோதனைத் திடலில் வைக்கப்பட்டுள்ள மாதிரிகளைப் பொறுப்பாளர் தவிர வேறு எவரும் தொடவோ, நகர்த்தவோ, மூடவோ கூடாது. மாதிரிகளின் நிலை குறித்து ஐயம் எழுந்தால் சோதனையை நிறுத்திவிட்டு, தலைமையகத்துக்கு எழுதி, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும்."

நம் ஆய்வு நிலையத்தின் நடைமுறைக் கையேட்டில் திறந்தவெளிச் சோதனை பற்றிய அத்தியாயம் இப்படித்தான் தொடங்குகிறது. நீங்கள் சேர்ந்த வாரத்திலேயே அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். படிக்காமல்தான் போட்டிருப்பீர்கள். குற்றமில்லை. அதைத் தட்டச்சு செய்யச் சொல்லி, நகலெடுத்து, அறைக்கு அறை ஒட்டிய மனிதரே படிக்கவில்லை என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக என் அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் கேட்பது ஒரு மரியாதை. எழுதித் தந்ததைப் படிப்பது அந்த மரியாதையில் சேராது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சுதந்திரமாகவே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் மட்டும், "எம் பேரை அப்படியே போட்டுருங்க மேடம், என்னத்துக்குங்க மாத்தோணும்?" என்றார். அவர் ரங்கசாமி.

நம் வேலையை வெளியாட்களுக்கு நான் இப்படி விளக்குவது வழக்கம். வெயிலை உறிஞ்சும் ஒருவகை பிளாஸ்டிக்கைக் கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய படலமாகப் பூசுகிறோம். தகட்டைத் தண்ணீருக்குள் நிறுத்தி வெயிலில் வைக்கிறோம். படலம் வெயிலை வாங்கித் தண்ணீரைப் பிரிக்க, ஹைட்ரஜன் குமிழ் குமிழாக வருகிறது. அதுதான் எரிபொருள். கேட்பவர்கள் "அப்படியா" என்பார்கள். அடுத்து, "எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் நம்மையெல்லாம் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

தாங்காது என்பதுதான் அன்றைய பதில். வெயில் படலத்தை வெளுத்துவிடும்; தண்ணீர் அதைக் கண்ணாடியிலிருந்து உரித்துவிடும். ஆய்வகத்து விளக்கின் கீழே மிடுக்காக நிற்கும் படலம், வெளியே வந்ததும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்த பிள்ளையைப் போல வெளிறிப் போகும். சமவெளிக்காரர்கள் ஊட்டியைக் குளிர்ந்த ஊர் என்று மட்டும் நினைக்கிறார்கள். பனிக்காலத்து நடுப்பகலில் லவ்டேல் ஸ்டேஷனில் தொப்பியில்லாமல் நின்றவர்களுக்குத் தெரியும், இங்குள்ள வெயில் எப்படிக் கடிக்கும் என்று. விடியலில் உறைபனி, பகலில் அந்த வெயில். படலத்தைக் கொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அதனால்தான் திடலை இந்தச் சரிவில் அமைத்தார்கள். நான் அதன் பொறுப்பாளர்.

ஸ்டெல்லா அந்தத் திட்டத்தில் இருந்த ஒரே ஆராய்ச்சியாளர். நெல்லியாளத்துப் பெண். அப்பா அம்மா இருவரும் எஸ்டேட்டில் வேலை. ஒப்பந்தப் பணிதான், மார்ச்சில் முடிகிறது. மார்ச் முதல் வாரத்தில் மதிப்பீட்டுக் குழு வந்து, அவளுடைய படலம் பனிக்காலத்தைத் தாண்டியதா என்று பார்க்கும். தாண்டியிருந்தால் திட்டம் நீளும், அவளும் இருப்பாள். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். கோயம்புத்தூரில் ஒரு டியூஷன் சென்டர்காரர் அவளை வேதியியல் எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அங்க போனா பசங்களுக்குச் சமன்பாடு எழுதிக் குடுத்துட்டே இருக்கலாம் மேடம். எதுவும் உரிஞ்சு விழாது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அம்மாவிடமிருந்து போன் வந்தால் மட்டும் வராந்தாவின் கோடிக்குப் போய்ப் பேசுவாள். அம்மாவின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வேலை நிரந்தரமாச்சா?

அந்தப் பனிக்காலத்தில் படலம் தாங்கியது. புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்த நாட்களிலும் தாங்கியது. முந்தைய ஆண்டுகளில் முதல் உறைபனியிலேயே செத்துப்போன அதே குடும்பத்துப் படலம். தை பிறந்தபோது இயக்குநர் ஸ்டெல்லாவைத் தன் அறைக்கு அழைத்து நல்ல டீ கொடுத்தார். நம் நிலையத்தில் அது பதவி உயர்வுக்குச் சமம்.

எனக்கு மட்டும் வரைபடத்தில் ஓர் இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. படலம் தரும் மின்னோட்டத்தைக் கணினி தானாகப் பதிவு செய்கிறது. வெயில் ஏற ஏற அந்தக் கோடும் மெதுவாக ஏற வேண்டும். இங்கே காலையில் தரையோடு தரையாகக் கிடந்து, திடீரென்று சுவர் போல நிமிர்ந்து நின்றது. மூடுபனி விலகுகிறது என்றாள் ஸ்டெல்லா. மூடுபனி அப்படி விலகாது. அது நம் அலுவலகக் கோப்பைப் போல, போகிறதா இல்லையா என்று தெரியாமல்தான் போகும். இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சுவர் தாமதமாக எழுந்தது.

யோசித்துப் பாருங்கள். சூரியனுக்கு ஞாயிறு கிடையாது. பனிக்கும் கிடையாது. வாரத்தில் ஒருநாள் தாமதமாக எழுவது மனிதர்கள் மட்டும்தான். தரவில் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தால், அங்கே ஓர் ஆள் நிற்கிறார் என்று பொருள். இந்த நீளமான கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அதைக் கவனித்த மறுநாள் விடிந்ததும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திடலுக்குப் போனேன். ரங்கசாமி அங்கே இருந்தார்.

ரங்கசாமி நம் நிர்வாக அலுவலர். குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே. கையேட்டை ஒட்டிய மனிதர் இவர்தான். வராந்தாவில் யாராவது குடையை விரித்து வைத்தாலும் எந்த விதியின் கீழ் என்று கேட்பவர். அவருடைய ஒரே பலவீனம் ஜெரேனியம். ஒவ்வோர் ஆண்டும் மே மாத மலர்க்காட்சிக்குத் தொட்டிகளை அனுப்புவார். வளாகத்தில் நல்ல வெயில் விழும் இடம் சோதனைத் திடல்தான் என்பதால், வேலிக்கு உள்புறமாகத் தொட்டிகளை அடுக்கியிருந்தார். எந்த விதியின் கீழ் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

பனிக்காலத்தில் பூந்தோட்டக்காரர்கள் செய்வதை அவரும் செய்வார். கோத்தகிரிப் பக்கமிருந்து மிலார் கொண்டுவருவார். துடைப்பம் போல அடர்ந்த, காய்ந்த கிளைகள். பொழுது சாயும்போது அவற்றைச் செடிகளின் மேல் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுவார். போர்த்தாவிட்டால் உறைபனியில் செடி கருகிவிடும். மிலார் குவியல் மூலையில் கிடப்பதை நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அன்று அவர் மிலாரைக் கைநிறைய அள்ளிக்கொண்டிருந்தார். தொட்டிகளின் மேலிருந்து இல்லை. ஸ்டெல்லாவின் படலத் தகடுகள் தண்ணீரோடு நின்ற தாங்கியின் மேலிருந்து.

"ரங்கசாமி, என்ன பண்றீங்க?"

"வாங்க மேடம். இத்தன வெள்ளனே வந்திருக்கீங்க? குளிருக்குப் பால் காப்பி போடச் சொல்லட்டுங்களா?"

"அது இருக்கட்டும். அதை ஏன் மூடினீங்க?"

"ஏனுங்க, பனி உழுகுதுல்லங்க. நம்ம செடியை மட்டும் போர்த்திப்போட்டு, அந்தப் புள்ளையோட கண்ணாடியை அப்படியே உட்டுட்டுப் போக மனசு வரலீங்க. நாலு மிலார்தானுங்களே, சேர்த்துப் போர்த்தி உட்டுட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"பனி உழுக ஆரம்பிச்சதுலேர்ந்துங்க. ஒருநாள் தவறலீங்க மேடம்." பெருமையாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் சங்கடத்துடன், "ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கறதுக்குச் சித்தே நேரமாயிருமுங்க" என்றார்.

"மூடக் கூடாதுன்னு நீங்கதானே ஒட்டினீங்க?"

அவர் வேலியில் லேமினேட் செய்து கட்டியிருந்த தன் அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தார். "அது பொதுவா ஆளுங்களுக்குங்க. நம்ம ஆளுங்களுக்கா அது?" என்றார்.

இதில் வில்லன் யாருமில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்ட எண்ணத்தால் கெடும் சோதனைகளை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். நல்ல மனதால் கெடுபவைதான் மாதக்கணக்கில் அழகான வரைபடம் தரும்.

ஸ்டெல்லா வந்ததும் சொன்னேன். அவள் பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். பிறகு, "நீங்க எப்பவும் ஒன்பது மணிக்குத்தானே வருவீங்க மேடம்? இன்னிக்கும் ஒன்பது மணிக்கே வந்திருக்கலாம்" என்றாள்.

அந்த வாக்கியத்தில் இருந்த கோபம் நியாயமானது. இருவரும் இயக்குநர் அறைக்குப் போனோம்.

இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "காலையில கொஞ்ச நேரம் வெயில் குறைஞ்சுது, அவ்வளவுதானே? ஒரு அடிக்குறிப்பு போட்டுட்டா முடிஞ்சுது. எதுக்கு மேடம் பெருசு பண்றீங்க?"

"அடிக்குறிப்புல மிலார்னு எழுதணும் சார். குழுவுல ஒருத்தராவது மிலார்னா என்னன்னு கேப்பாங்க."

"மறைப்புன்னு எழுதுங்க."

"எதோட மறைப்புன்னு கேப்பாங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை, திட்டம் போனால் அவருடைய பட்டியலிலும் ஒன்று குறையும். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மேடம், அந்த மறைப்பு வெயிலைத்தான் குறைச்சுது. அதுவும் காலை வெயில். அதுக்காகப் படலமே மோசம்னு ஆயிருமா?" என்று கேட்டாள்.

"மோசம்னு நான் சொல்லலையே. நல்லதா மோசமான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போதைக்கு ரங்கசாமி ஒருத்தருக்குத்தான் அதைப் பத்தித் தெரியும். அதுக்குக் குளிருச்சுங்கறார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கோபத்தில் கண்ணும் நிறைந்தது. எழுந்து போய்விட்டாள்.

இனி விதியைப் பாருங்கள். சோதனையை நிறுத்த வேண்டும், எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும். தலைமையகத்தின் வேகம் எனக்குப் பழக்கம். ஒருமுறை மழைமானி வாங்க அனுமதி கேட்டோம். மழைக்காலத்தில்தான் அனுமதி வந்தது. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில். இப்போது காத்திருந்தால் பனி போய்விடும், மார்ச் வந்துவிடும், ஸ்டெல்லா கோயம்புத்தூரில் இருப்பாள். காத்திருக்காமல் அந்தச் சோதனையையே தொடர்ந்தால், யார் எப்போது கேட்டாலும் அவளுடைய முடிவு நிற்காது. அடிக்குறிப்போடு அனுப்பினால் குழு ஒருவேளை தலையாட்டும். ஆனால் அடுத்த பனிக்காலத்தில் வேறொரு மலையில், ஜெரேனியம் வளர்க்காத ஊரில், அந்தப் படலம் உரிந்து விழும்போது அதன் மேல் இருக்கப்போவது அவளுடைய பெயர்.

விதிகளை முழுதாகப் படித்திருப்பதன் பயன் இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும். பாதி படித்தவர்களுக்கு விதி தடையாக இருக்கும். படிக்காதவர்களுக்கு அது சுவரில் ஒட்டிய காகிதம். காத்திருக்கச் சொல்வது ஐயத்துக்கு உரிய மாதிரிகளைப் பற்றி மட்டும். புதிய மாதிரிகளுக்குப் புதிய எண் கொடுத்துப் புதிய சோதனை தொடங்கப் பொறுப்பாளர் கையெழுத்தே போதும் என்று வேறோர் அத்தியாயம் சொல்கிறது. அதே கலவையில் பூசிய படலங்கள் ஸ்டெல்லாவின் பெட்டியில் மீதம் இருந்தன. பழைய சோதனையை அன்றே மூடி, தாங்கியைக் காலி செய்தேன். தலைமையகத்துக்கு எழுதினேன். அந்தக் கடிதம் தபாலுக்குப் போவதற்குள் புதிய தாங்கி திடலில் நின்றது.

ஒரு பாதிக்கு மிலார் போர்த்தச் சொன்னேன். மறுபாதி திறந்த வானத்துக்குக் கீழே. ரங்கசாமியிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்தேன். "பாதியை மட்டும் போர்த்தறதுங்களா? மீதிப் பாதி என்ன பாவம் பண்ணுச்சுங்க?" என்றார்.

மறுநாள் விடியலில் நல்ல உறைபனி. ஸ்டெல்லா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். போர்த்திய பாதி அப்படியே இருந்தது. போர்த்தாத பாதியில் தண்ணீரின் மேல் பனிக்கட்டி ஆடை கட்டியிருந்தது. வெயில் ஏறி அது உருகியபோது, படலங்கள் விளிம்பிலிருந்து வாழைச் சருகு போலச் சுருண்டு எழுந்தன.

"போச்சு" என்றாள்.

"என்ன போச்சு?"

"எல்லாம்தான். மிலார் இல்லாம என் படலம் ஒரு நாள் கூடத் தாங்கல."

"கிட்டப் போய்ப் பாரு. உரிஞ்சதை எடு. நிறம் போயிருக்கா?"

இடுக்கியால் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடர்ந்த நீலம், முதல் நாள் இருந்தபடியே. வெகுநேரம் பார்த்தாள். முந்தைய ஆண்டுகளில் செத்த படலங்களை எல்லோரும் வெயில் கொன்றது என்றுதான் எழுதி வைத்திருந்தோம்; உரிந்த பின் பகல் முழுதும் வெயிலில் கிடந்து வெளுத்தவற்றை மாலையில் பார்த்துவிட்டு எழுதியது. அவள் இப்போது விடியலில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் ஒண்ணும் பண்ணல மேடம்" என்றாள் மெதுவாக. "விளிம்புல தண்ணி உறையுது. உறைஞ்சு தூக்குது. ஒட்டறதுதான் பிரச்சினை. உறிஞ்சறது இல்ல." துண்டைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது ஒரு பழைய வகையை. படலத்தின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, கீழே கண்ணாடியோடும் பிணைக்கும் பூச்சு. பார்க்க மங்கலாக இருக்கும். ஹைட்ரஜனும் முதல் நாளில் குறைவாகத்தான் தரும். அதனால் அதை ஓரங்கட்டி வைத்திருந்தாள். அறிக்கைகளில் எல்லோரும் முதலில் தேடுவது முதல் நாளின் எண்ணைத்தானே.

"குழு இதைப் பாத்துச் சிரிக்கும் மேடம்."

"சிரிக்கட்டும். உரியாம இருந்தா சிரிச்சு முடிச்சிட்டுத் திரும்பப் பாப்பாங்க."

மங்கல் படலங்கள் தாங்கியில் ஏறின. இந்த முறை எதற்கும் போர்வை இல்லை. இனி ஓர் உறைபனி வர வேண்டும்.

வரவில்லை. மேகம் கூடிவிட்டது. மேகம் இருந்தால் உறைபனி விழாது. நாள்தோறும் பொழுது சாயும் நேரத்தில் நானும் ஸ்டெல்லாவும் ரங்கசாமியும் வேலியருகே நின்று வானத்தைப் பார்ப்போம். நாங்கள் இருவரும் வேண்டியது ஒன்று, அவர் வேண்டியது அதற்கு நேர் எதிர்.

"இன்னிக்கு உழுகாதுங்க" என்பார் திருப்தியாக.

"விழணும் சார்" என்பாள் ஸ்டெல்லா.

"சாபம் குடுக்காதம்மா. செடியெல்லாம் மொக்கு வெக்கற நேரம்."

"உங்க மொக்கை நீங்க போர்த்திக்கலாம். எனக்கு ஒரே ஒரு பனி போதும்."

"எதுக்கும் உங்க கண்ணாடி மேலயும் நாலு மிலாரைப் போட்டு..."

"ரங்கசாமி" என்றேன்.

"இல்லீங்க மேடம். சும்மா கேட்டேனுங்க."

அவளுடைய அம்மாவின் போன்கள் அடிக்கடி வரத் தொடங்கின. டியூஷன் சென்டர்காரரும் முடிவு கேட்டார். இயக்குநர் ஒருநாள் என்னை அழைத்து, பழைய வரைபடம் இன்னும் கணினியில் இருக்கிறதுதானே என்று பொதுவாக விசாரித்தார். இருக்கிறது, மேலே 'செல்லாது' என்று எழுதி இருக்கிறது என்றேன். அன்று எனக்கு டீ வரவில்லை.

மாசி பாதியில் ஒருநாள் மாலை வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. காற்று நின்றுவிட்டது. ரங்கசாமி மிலாரை அள்ளப் போனார். தன் தொட்டிகளை மட்டும் போர்த்தினார். தாங்கியைக் கடக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். அதைச் செய்ய அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

விடியலில் மூவரும் ஒரே நேரத்தில் வந்தோம். புல் வெள்ளை. தாங்கியில் பனிக்கட்டி, முன்பு பார்த்ததைவிடத் தடிமனாக. வெயில் ஏறியது. கட்டி வெடித்தது, உருகியது. ஸ்டெல்லா கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விளிம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு தகட்டின் மேல் ஒரு குமிழ் வந்தது. பிறகு இன்னொன்று.

"மங்கலாத்தான் இருக்கு" என்றார் ரங்கசாமி. "ஆனா ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க."

மதிப்பீட்டுக் குழுவின் முன் அவள் அறிக்கை படித்ததைவிடச் சிறந்த முறையில் வேறு யாரும் படித்து நான் கேட்டதில்லை. மிலாரை அடிக்குறிப்பில் போடவில்லை, அதில்தான் தொடங்கினாள். முதலில் ஒருவர் சிரித்தார். விளிம்பு சுருண்ட படலத்தையும் சுருளாத படலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவரே எழுந்து வந்து கையில் வாங்கிப் பார்த்தார். முதல் நாள் எண் குறைவாக இருக்கிறதே என்று கேட்டார்கள். "இருக்கு. ஆனா இன்னிக்கும் அதே எண்தான் சார்" என்றாள். திட்டம் நீண்டது. அவளும் இருந்தாள். வராந்தாவின் கோடிக்குப் போய் அம்மாவிடம் பேசியபோது, அந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

மே வந்தது. ஊட்டி முழுக்கச் சுற்றுலா வண்டிகள். ரங்கசாமியின் ஜெரேனியத்துக்கு மலர்க்காட்சியில் மூன்றாம் பரிசு. முதல் பரிசுக்காரர் சரியாகப் போர்த்தவே தெரியாதவர் என்று வளாகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டிகளை வேலிக்கு வெளியே வைக்கச் சொல்லி அவருக்கு நான் எழுத்தில் கொடுத்திருந்தேன். எந்த விதியின் கீழ் என்று கேட்டார். காட்டினேன்.

ஒரு தபாலை அவரே கொண்டுவந்து கொடுத்தார். தலைமையகத்தின் உறை. தை மாதத்தில் நான் எழுதிய கடிதத்தைக் குறிப்பிட்டு ஒரே பத்தி: விஷயம் பரிசீலனையில் உள்ளது, முடிவு தெரிவிக்கப்படும் வரை தாங்கியில் உள்ள படலங்களை இப்போதுள்ள நிலையிலேயே, எந்த மாற்றமும் இன்றி வைத்திருக்கவும்.

ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திடலுக்குப் போனாள். கடிதம் சொன்ன பழைய படலங்களைத் தையிலேயே எடுத்தாயிற்று; மங்கல் படலங்கள்தான் பனியன்று நின்ற அதே தாங்கியில், அதே தண்ணீரில் நின்றன. குனிந்து விளிம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிமிர்ந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம், "அப்படியேதான் இருக்கு மேடம்னு எழுதிருங்க" என்றாள்.

எழுதினேன். மேலே வழக்கம்போல, 'பார்வை: தங்கள் கடிதம், எம்மிடம் வந்து சேர்ந்த நாள்' என்று குறிக்க வேண்டும். மலர்க்காட்சி முடிந்த மறுநாள், திங்கட்கிழமை என்று போட்டேன்.